காதைப் பொத்திக்கொண்டு உதவியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் முதல் ரெக்கார்டு வெளிவந்துவிட்டது. ஐந்து பாட்டு, 23 நிமிடம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாலு பையன்கள் ஹெவி மெட்டல் (எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் அதிர வாசிக்கிற ராக் இசை) வாசிக்கிறார்கள் என்றால் சிரிப்பவர்கள்தான் அதிகம். இந்த மடலில் நாங்கள் கும்பிடப்போகும் பலருக்கும் இந்த இசை துளியும் பிடிக்காது. அதை முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொல்லிவிட்டு உதவியும் செய்தார்கள்.

முதலில் மண்டபத்து மேனேஜர் அண்ணன். ஹெவி மெட்டலின் முன்னோடியான இங்கிலாந்துக் குழு பிளாக் சப்பாத் தன் முதல் ஆல்பத்தை 1969இல் ஒரே நாளில் பதிந்து முடித்ததாகப் படித்துவிட்டு, நமக்கு இரண்டு நாள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒரு ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். தேதி தள்ளிக்கொண்டே போனது, பணம் திரும்பி வரவில்லை. (போகட்டும். நன்றி சொல்ல உட்கார்ந்த இடத்தில் அந்தக் கதை எதற்கு?) அப்போதுதான் அண்ணன், "ஆடி மாசம் பூரா மண்டபம் சும்மாதானே கெடக்கு, கரண்ட் பில்லை மட்டும் கட்டிடுங்கடா" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் டிரம்ஸை வைத்து ஒரு அடி அடித்ததும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பிவிட்டது. முட்டை அட்டை ஒட்டச் சொன்னார்கள் பலர். அது மேல்ஸ்தாயி எதிரொலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். காலால் பெடலை மிதித்து அடிக்கிற கிக் டிரம்மின் அடிச்சத்தம் அதைச் சட்டை செய்யாது. அண்ணன் ஸ்டோர் ரூமைத் திறந்து, மாப்பிள்ளை வீட்டார் படுக்கிற மெத்தைகளையும் ஜமக்காளங்களையும் எடுத்துப் போட்டார். சவுக்குக் கம்பு கட்டித் தொங்கவிட்டோம். டிரம்ஸ் இறுக்கமாகக் கேட்கிறது என்று பாராட்டுகிறவர்கள் அந்த மெத்தைகளைத்தான் பாராட்ட வேண்டும்.

அடுத்து எலக்ட்ரீஷியன் அண்ணன். கிதாரை ஆம்ப்ளிஃபயரில் செருகினாலே ஓயாத முனகல். கேபிளை மாற்றினோம், பெடலை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. அவர் கிதார் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கொல்லைப்புறம் போய் எர்த் குழியைப் பார்த்தார். காய்ந்து வெடித்துக் கிடந்தது. கழன்றிருந்த கம்பியை முறுக்கி, உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். முனகல் அடங்கியது. ஒரு டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "இனிமே நீங்க போடுற சத்தம் மட்டும்தான் கேக்கும், அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவில் மாமாவைப் பற்றி எழுதாவிட்டால் எங்கள் டிரம்மர் இந்த மடலில் கையெழுத்துப் போட மாட்டான். மண்டபத்துக்கு நாகஸ்வர செட் கொண்டுவருகிறவர். ஒருநாள் பாக்கி வாங்க வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு. தட்டுக்கு நாலு அடி வீதம், இரட்டைப் பெடலில் நொடிக்கு 12 அடி விழ வேண்டும். "கால் ஓடுது தம்பி, ஆனா இன்னும் நடக்கக் கத்துக்கல" என்றார். அன்று மாலை முழுக்கப் பெடலைத் தொட விடவில்லை. "தகதிமி தகஜொணு" என்று வாயால் சொல்லவைத்தார். முதலில் 90, மறுநாள் 120. வாய் தடுமாறாமல் சொன்ன பிறகுதான் காலுக்கு உத்தரவு. நாலாவது பாட்டின் நடுவில் வருகிற அந்த நீண்ட ஓட்டம் பதினோராம் நாள் ஒரே டேக்கில் விழுந்தது.

இன்னொன்று. துணியும் பசையும் வைத்துச் சுற்றிய கூடுகளை அவர் விரலில் மாட்டிக்கொள்வதைப் பார்த்ததும் எங்கள் கிதாரிஸ்ட் டோனி அயோமி கதையைச் சொன்னான். பிளாக் சப்பாத்தின் கிதாரிஸ்ட். பர்மிங்காமில் 17 வயதில் தகடு பட்டறை மிஷினில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்கப் பின்னாளில் கம்பியைத் தளர்த்தினார், சத்தம் இன்னும் கனத்தது. மாமா தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப அவரும் நம்ம மாதிரி கூடு போட்டு வாசிக்கிறவருதானா?" அதற்குப் பிறகும் எங்கள் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. அயோமியைப் பிடித்துவிட்டது.

தேவனாம்பட்டினக் கடல்காற்றில் துருப்பிடித்த கிதார் கம்பிகளுக்குப் பதிலாக, மூன்று முறை சென்னையிலிருந்து பஸ்ஸில் புதுசு கொண்டுவந்த நண்பனுக்கும், வேலை முடித்து வந்து ராத்திரி ராத்திரியாக மிக்ஸ் செய்துகொடுத்த புதுச்சேரி அக்காவுக்கும் நன்றி. சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டிய எங்களில் ஒருவனின் அப்பா, நாங்கள் வீட்டில் வாசித்துப் பழகிய இரண்டு வருஷமும் தலையணையோடு எதிர்வீட்டு மாடிக்குப் போனார். ஒருநாளும் "நிறுத்துங்கடா" என்று சொன்னதில்லை. அந்த எதிர்வீட்டாருக்கும் நன்றி.

மேனேஜர் அண்ணா, ஜமக்காளம் ஒன்று இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. துவைத்துக் காயவைத்திருக்கிறோம். மார்கழி முடிவதற்குள் கொண்டுவந்துவிடுகிறோம். தை முதல் முகூர்த்தத்துக்குத் தேடாதீர்கள்.

இப்படிக்கு,
நாலு பேரும்