பரிவாரத்தில் குதிரை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமைச்சர் ஒருவர் ‘பரிவாரங்களுடன்’ வந்ததாக நீங்கள் போட்ட செய்தியைப் பார்த்துவிட்டு, பரி என்றால் குதிரை, அரசனோடு குதிரையில் போனவர்களே பரிவாரம் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியில்லை.

குதிரையைக் குறிக்கும் ‘பரி’ வேறு. பரிவாரம் வடசொல். அதில் ‘பரி’ என்றால் சுற்றிலும். ‘வாரம்’ சூழ்தல், மூடுதல் என்ற பொருளுள்ள வினையடியிலிருந்து வந்தது. சூழ நிற்பவர்கள், அவ்வளவுதான். சிங்களத்தில் ‘பிரிவர’ என்பதும் இதே சொல்தான்.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு அகராதியே வேண்டாம். கோயில் உள்வீதியைச் சுற்றி வந்தால் பிள்ளையார், வைரவர், சண்டேசுவரர் என்று பரிவார மூர்த்திகள் இருக்கிறார்கள். மூலவரைச் சூழ இருந்தாலும் அவரவருக்குத் தனிச் சந்நிதி, தனிப் பூசை. ஆகவே அது ஏளனச் சொல்லும் அல்ல.

தமிழிலேயே வேண்டுமென்றால் ‘உழையர்’ இருக்கிறது. உழை என்றால் பக்கம். திருக்குறளில் (638) அமைச்சனை ‘உழையிருந்தான்’ என்கிறார் வள்ளுவர். அரசன் தானும் அறியான், சொன்னாலும் கேளான் என்றாலும் நல்லதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவன் கடன் என்பது குறள்.

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினரோடு பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். கைபேசி பிடிக்க ஒருவர், தண்ணீர்ப் போத்தலுக்கு ஒருவர், கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றி வாங்க இன்னொருவர். முன்வரிசைக் கதிரை முழுக்க அவர்கள். பரிசு வாங்கும் பிள்ளைகளின் தாய்தகப்பன் பந்தலுக்கு வெளியே வெயிலில். விருந்தினர் பேச்சில் பள்ளிக்கூடத்தின் பெயரை இரண்டுதரம் பிழையாகச் சொன்னார். பதினொரு பேரில் ஒருவராவது காதோடு சொல்லவேண்டுமே! கைதட்டினார்கள்.

இவர்களைத்தான் இங்கே ‘பந்தம் பிடிக்கிற ஆட்கள்’ என்பார்கள். சுவாமி வீதிவலம் வரும்போது முன்னால் பந்தம் பிடித்துப் போகிறவர்களை வைத்து வந்த பேச்சு என்று எனக்குப் படுகிறது. பாவம், கையில் எண்ணெய் வழிய நடக்கிற அந்த மனிதர்கள் உண்மையிலேயே வெளிச்சம் காட்டுகிறவர்கள்.

நீங்கள் தாராளமாகப் பரிவாரம் என்றே எழுதுங்கள். முடிந்தால் எத்தனை பேர் என்பதையும் முன்கூட்டியே போடுங்கள். கதிரை அடுக்குகிற பெடியளுக்கு உதவும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மானிப்பாய்.