ஓசோன் ஓட்டை ஆறுகிறது, சரி, அளப்பதை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசோன் ஓட்டை ஆறி வருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல செய்திதான். ஆனால் செயற்கைக்கோள்தான் அதைக் கண்டுபிடித்தது என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

அண்டார்டிகாவின் ஹாலி என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் 1950களிலிருந்தே ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி இருந்தது. சூரிய ஒளியில் இரண்டு புற ஊதா அலைநீளங்களை ஒப்பிட்டு, முள் பூஜ்யத்துக்கு வரும்வரை வட்டைத் திருகி, எண்ணைக் குறிக்க வேண்டும். அலுப்பூட்டும் வேலை, ஆனாலும் வருஷக்கணக்கில் விடாமல் செய்தார்கள். ஒரு காலத்தில் 300 டாப்சன் அலகை ஒட்டி இருந்த அக்டோபர் சராசரி (தலைக்கு மேலுள்ள ஓசோனையெல்லாம் தரைமட்டத்தில் பரப்பினால் 3 மில்லிமீட்டர் தடிமன்) 200-க்கும் கீழே இறங்கிவிட்டதை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதம் வெளியிட்டார்கள். நாசா செயற்கைக்கோளிலும் அது பதிவாகித்தான் இருந்தது, ஆனால் 180-க்குக் கீழே வந்த எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று கணினி நிரல் குறித்து வைத்திருந்தது.

அப்புறம், ஓசோனை மட்டும் அளந்தால் காரணம் தெரியாது. துருவத்தின் நீண்ட இருட்டில் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே வளிமண்டல மேலடுக்கில் மேகங்கள் உருவாகி, அவற்றின் மேல், குளிர்பதன வாயுக்கள் போன்றவற்றிலிருந்து வந்த குளோரின் சேர்மங்கள் உருமாறிக் காத்திருக்கின்றன. வசந்தத்தில் (தென்துருவத்தில் அது செப்டம்பர், அக்டோபர்) வெயில் பட்டதும் அழிவு தொடங்குகிறது. அதனால்தான் 1986-ல் அமெரிக்க விஞ்ஞானி சூசன் சாலமன் குழு அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்தில், இந்த வேதிவினையின் தடயமான குளோரின் டையாக்சைடை அளந்தது, மறு ஆண்டு சிலி நாட்டின் புன்டா அரீனாஸிலிருந்து பறந்த ஆய்வு விமானம், ஓசோனை அழிக்கும் குளோரின் மோனாக்சைடு ஏறுகிற இடத்தில் ஓசோன் சரிவதை நேரிலேயே காட்டியது.

வடதுருவத்தில் 2011 வசந்தத்தில் அதுவரை காணாத அளவு ஓசோன் அழிந்தது. அடுத்த ஆண்டே, கனடாவின் யுரேக்காவில் இந்த வாயுக்களை அளந்துவந்த பேர்ல் ஆய்வகம் பணமில்லாமல் ஆண்டு முழுவதும் இயங்குவதை நிறுத்தியது! 2013-ல் மறுபடி நிதி கிடைத்தது, நல்லவேளை. 2020 வசந்தத்தில் வடக்கே ஓசோன் மீண்டும் மோசமாகச் சரிந்தது.

அண்டார்டிகாவில் ஓசோன் பழைய நிலைக்கு வர 2066 வாக்கில் ஆகும் என்பது ஐ.நா. அறிக்கையின் கணிப்பு. அதுவரை ஒவ்வொரு வசந்தமும் தரையிலிருந்தும் அளந்தே ஆக வேண்டும். வரும் செப்டம்பர் 16 ஓசோன் தினத்தன்று, வழக்கமான செயற்கைக்கோள் நீல உருண்டைப் படத்தோடு ஹாலியின் அக்டோபர் வரைபடத்தையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை