இளவரசிக்கு ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு,

பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது பற்றிய கட்டுரையில் இளவரசி இசபெல்லுக்கு ஒரே வரி ஒதுக்கியது ஏமாற்றம். 1822இல் பிறந்து 1889இல் முடிந்துபோன பேரரசு அது. மொத்தமே இரண்டு பேரரசர்கள். சகோதரர்கள் இருவரும் குழந்தையிலேயே இறந்ததால் பட்டத்து வாரிசானவர் இசபெல். தந்தை இரண்டாம் பெட்ரோ வெளிநாடு போனபோதெல்லாம் ஆட்சிப் பொறுப்பு இவர் கையில்தான். அப்படி ஒரு சமயம், 1888 மே 13இல், தங்கப் பேனாவால் கையெழுத்திட்ட சட்டத்தில் இரண்டே பிரிவுகள்: அடிமைமுறை ஒழிந்தது, இதற்கு மாறான சட்டங்கள் ரத்து. பண்ணையார்களுக்கு நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. சும்மா விடுவார்களா? மறு ஆண்டு நவம்பரில் ராணுவம் முடியாட்சியைக் கவிழ்த்தபோது, அரண்மனைக்காகப் பரிந்து பேச அவர்களில் பலர் வரவில்லை. குடும்பமே நாடு கடத்தப்பட்டது.

அதற்காக எல்லாப் புகழும் இளவரசிக்கே என்பதும் சரியல்ல. அதற்கு முன்பே அடிமைகள் கூட்டம் கூட்டமாகத் தோட்டங்களை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். விடுதலையானவர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு துண்டு நிலம்கூடத் தரவில்லை.

குடும்பத்தின் மீதான தடை 1920இல் நீங்கியும் இசபெல்லால் ஊர் திரும்ப முடியவில்லை. மறு ஆண்டே பிரான்சில் காலமானார். இதையெல்லாம் தனிக் கட்டுரையாகவே வெளியிடலாமே.

– வாசகி, மதுரை