கிரிகல்பொத்தை மலையேற்றப் பொதி: முழுப் பணத்தையும் திருப்பித் தருமாறு கோரும் புகார்

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த பெப்ரவரியில் உங்கள் ‘பீ’ பொதிக்காகச் செலுத்திய 48,000 ரூபாவைத் திருப்பித் தரும்படி நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. கிரிகல்பொத்தை மலையேற்றத்துக்கான வான், வழிகாட்டி, ஆறு மழை அங்கிகள் ஆகியவை அந்தப் பொதியில் அடங்கும்.

பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமானாலும் அதன் உச்சிக்கு நடந்து போக அனுமதியில்லை. ஆகவே 2,388 மீற்றர் உயரமுள்ள கிரிகல்பொத்தையே நம் நாட்டில் நடந்து ஏறக்கூடிய மிக உயர்ந்த மலை என்று சொல்லித்தான் நீங்கள் இதை விற்றீர்கள். போக ஏறக்குறைய 7 கிலோமீற்றர், வரவும் அவ்வளவு. இடையில் ஓடைகளும் சேற்று நிலமும் உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் அந்த மலை இருக்கும் ஹோட்டன் சமவெளியில் திசையே தெரியாது. அதனால்தான் காலை 6 மணிக்கு நுழைவாயிலில் நிற்பது, எங்கே இருந்தாலும் நண்பகலில் திரும்பிவிடுவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே எழுதி அனுப்பினேன். நீங்களும் சம்மதித்து எழுதினீர்கள்.

அதிகாலை 3.30க்குத் தலவாக்கலைக்கு வரவேண்டிய வான் 6.50க்கு வந்தது. வழிகாட்டியாக வந்த இளைஞர் இறப்பர் செருப்பு அணிந்திருந்தார். இரண்டாவது ஓடையைக் கடந்ததும் தடம் மூன்றாகப் பிரிய, மரைகள் நடந்த தடம் எது, மனிதர் நடந்த பாதை எது என்று தெரியாமல் அவர் கைபேசியை மூடுபனிக்குள் உயர்த்திப் பிடித்து, “எந்தப் பக்கம் அண்ணே?” என்று என் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் அந்த மண்ணில் கால் வைத்ததே அன்றுதான். அங்கிருந்தே திரும்பினோம்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கட்டாரிலிருந்து பத்து நாள் விடுமுறையில் வந்தவர் அவர். அந்த ஒரு நாளை எங்கள் குடும்பத்துக்கு எத்தனை இலட்சம் கொடுத்தாலும் உங்களால் ஈடுசெய்ய முடியாது.

இதையும் பொறுத்திருப்பேன். பாடசாலையில் சம்பளமற்ற விடுமுறை எடுத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே உங்கள் கண்டி அலுவலகத்துக்கு வந்தபோது, கருமபீடத்தில் இருந்தவர் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்க்காமலே, “மலை எங்கயும் ஓடிப்போகாது, இன்னொரு நாளைக்குப் போங்க” என்றார். உட்காரவும் சொல்லவில்லை. மீண்டும் கேட்டபோது அதே வார்த்தையை இன்னும் உரக்கச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மாதமாகியும் அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை. ஆசிரியையாகிய நான் எந்தப் பிள்ளையிடமும் அப்படிப் பேசியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மழை அங்கிகள் ஆறுக்குப் பதிலாக நான்கே வந்தன. அவற்றில் ஒன்று தோள் தையல் பிரிந்து கிடந்தது. அதை என் தங்கை சேலை ஊசியால் குத்திப் போட்டுக்கொண்டாள்.

பதிவின்போது தொலைபேசியில் பேசிய உங்கள் பெண் ஊழியர் மிகுந்த பொறுமையோடு பதிலளித்தார் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். அவரைப் போன்றவர்கள் இருக்கும் நிறுவனம் இதைச் சுமுகமாக முடிக்கும் என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் 14 நாட்களுக்குள் பணமும், கண்டி அலுவலகத்தில் நடந்ததற்கு எழுத்து மூலமான மன்னிப்பும் வந்து சேராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன். பற்றுச்சீட்டு, நீங்கள் சம்மதித்து எழுதிய செய்தி, கிழிந்த அங்கியின் படம் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்