மோமோ கால் நக்குறத பத்தி வசந்திக்கு

வசந்தி,

ஃபோன்ல சொன்னா நீ பாதி கேப்ப மீதிய மறந்துருவ, அதனால உக்காந்து டைப் பண்றேன், பெருசா போகும், சாவகாசமா படி. மொதல்ல வீட்டு சமாச்சாரத்த முடிச்சுடறேன். அவருக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் கைக்கு வந்துருச்சு, இனிமே கிச்சன்ல என் காலுக்குள்ளயே சுத்த ரெண்டு பேரு, ஒண்ணு அவரு இன்னொண்ணு எங்க நாய் டைசன். பெரியவ வேல மாறிட்டா, பெங்களூர்லயேதான். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு ஆனா டைசன இழுத்துக்கிட்டு தினமும் காலைல நடக்கறதுனால சுகர் கொஞ்சம் அடங்கியிருக்கு, அந்த தடியனால எனக்கு நடந்த ஒரே நல்லது.

சரி உன் புல்டாக் குட்டி மோமோ விஷயத்துக்கு வர்றேன். நீ அனுப்புன ஃபோட்டோவெல்லாம் பெருசு பண்ணி பாத்தேன். முன்னங்கால் விரல் இடுக்குல செவப்பா பளபளன்னு ஒண்ணு பொடச்சிட்டு இருக்கே, அத எல்லாரும் சிஸ்ட்டு, அதாவது நீர்க்கட்டின்னுதான் சொல்வாங்க ஆனா முக்காவாசி கேஸ்ல அதுக்குள்ள சிஸ்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மயிர்க்கால் உள்ளுக்குள்ளயே ஒடஞ்சு சீழ் வச்சிருக்கும். புல்டாக்கோட ஒடம்பே அப்படித்தான்டி, கனமான நெஞ்சு, அகட்டி வச்ச காலு, வெயிட்டு மொத்தமும் முன்னங்கால்ல எறங்குது, விரல் விரிஞ்சு போயி பாதத்துல இருக்கற தடிச்ச தோல்ல ஊணாம பக்கத்துல இருக்கற முடி மொளச்ச தோல்லயே ஊணி நடக்குது. அந்த முடி வேற குட்டையா பிரஷ்ஷு மாதிரி இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் அது தோலுக்குள்ளயே திரும்பி குத்திக்கும். உள்ள போன முடிய ஒடம்பு வேண்டாத பொருளா நெனச்சு சண்ட போடும், அங்க பாக்டீரியா சேந்துக்கும், நீ பாத்த அந்த செவப்பு வரும், ஒடையும், ரத்தமும் சீழும் வரும், ஆறும், அடுத்த விரல்ல வரும். அதனால டாக்டர் ஒன்ன கேட்டாங்களே வெட்டி எடுத்துரலாமான்னு, இப்பவே வேணாம்னு சொல்லு. வெட்டுனா அந்த ஒண்ணு போகும், காரணம் அப்படியே உக்காந்திருக்கும். வருஷக்கணக்கா ஆறாம தழும்பேறி போன காலுக்கு லேசர்ல எரிக்கறது, விரல சேத்து தைக்கறதுன்னு ஆபரேஷன் எல்லாம் இருக்கு, ஆனா அது வேற எதுக்கும் கேக்காதப்போ கடைசியா. ஒரு வயசு கூட ஆகாத குட்டிக்கு எதுக்கு இப்ப அது.

இன்னொண்ணு, நக்கறதுனால புண்ணு வருதா புண்ணு இருக்கறதுனால நக்குதான்னு கேட்டிருந்தியே. ரெண்டும்தான். ஆனா ஆரம்பம் பெரும்பாலும் அரிப்புல, அலர்ஜி. தூசில இருக்கற பூச்சி, புல்லு, மகரந்தம், சாப்பாடு, எதுவா வேணா இருக்கலாம். மனுசங்களுக்கு தும்மல் வரும், இதுங்களுக்கு கால்லயும் காதுலயும் அக்குள்லயும் அரிக்கும். நக்க நக்க ஈரம், ஈரத்துல ஈஸ்ட்டுங்கற பூஞ்சை ஏறும், ஈஸ்ட்டு ஏறுனா இன்னும் அரிப்பு. மோமோ கால் முடி துருப்பிடிச்ச கலர்ல இருக்கு பாரு, அது அழுக்கு இல்ல, எச்சில்ல இருக்கற ஒரு சாயப்பொருள், எவ்ளோ நாளா நக்குதுங்கறதுக்கு சாட்சி. கால மோந்து பாத்தியா, புளிச்ச வாட வருதுன்னா ஈஸ்ட்டா இருக்க நெறைய சான்ஸ் இருக்கு.

இப்ப எனக்கு கோவம் வர்ற எடம். போன ஒடனே ஊசி போட்டாங்க, ரெண்டு நாள் சூப்பரா இருந்துச்சு, பத்து நாள்ல திரும்ப வந்துருச்சுன்னு எழுதியிருக்க. அது அநேகமா ஸ்டீராய்டு, சீட்டுல பேரு பாத்து சொல்லு. ஸ்டீராய்டு கெட்டதுன்னு நான் சொல்லல, சில நேரம் அது இல்லாம முடியாது, ஆனா குட்டி நாய்க்கு தோல சொரண்டி மைக்ராஸ்கோப்ல பாக்காம போடக்கூடாதுடி. டெமோடெக்ஸ்னு ஒரு பூச்சி மயிர்க்காலுக்குள்ளயே குடியிருக்கும், புல்டாக் குட்டிங்களுக்கு அது சகஜம், அதுவும் கால்ல வரும், ஸ்டீராய்டு போட்டா எதிர்ப்பு சக்தி கொறஞ்சு அது கொண்டாட்டமா பெருகும். டெமோடெக்ஸ்தான்னு தெரிஞ்சுட்டா இப்ப கவலையே இல்ல, உண்ணிக்கு குடுக்கற பிரவெக்டோ, நெக்ஸ்கார்ட் மாதிரி மாத்திரையே அதுக்கும் கேக்குது, முன்ன மாதிரி நாத்தம் புடிச்ச மருந்துல வாரவாரம் முக்கி எடுக்க வேணாம். அதனால அடுத்த தடவ போறப்போ வாய் விட்டு கேளு, ஸ்கின் ஸ்க்ராப்பிங் பண்ணுங்க, டேப் ஒட்டி எடுத்து சைட்டாலஜி, அதாவது மைக்ராஸ்கோப்ல பாருங்கன்னு. அஞ்சு நிமிஷ வேல. பாக்டீரியாவா ஈஸ்ட்டா ரெண்டுமான்னு தெரிஞ்சுரும், அதுக்கப்புறம் மருந்து எழுதட்டும். ஆன்டிபயாடிக் ஏற்கனவே ரெண்டு மூணு மாத்தி குடுத்தாச்சுன்னா கல்ச்சரும், அதாவது கிருமிய வளத்து எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாக்கற டெஸ்ட்டும் பண்ண சொல்லு, ஏன்னா நாய் தோல்ல வர்ற ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கற பாக்டீரியால மருந்துக்கு அடங்காத வகை இப்ப நெறைய. ஆழமா போன புண்ணுக்கு வாரக்கணக்குல குடுக்கணும், மேல ஆறுன மாதிரி தெரியுதேன்னு நீயா நிறுத்திடாத. ஸ்டீராய்டு மாத்திரையா குடுத்திருந்தாங்கன்னா அதையும் திடீர்னு நிறுத்தாத, கொறச்சு கொறச்சுதான் விடணும். உங்க ஊர்ல தோலுக்குன்னு தனியா பாக்கறவங்க யாரும் கெடைக்கலன்னா இங்க சென்னைக்கு கூட்டிட்டு வா, வேப்பேரி வெட்டரினரி காலேஜ் ஆஸ்பத்திரில காட்டலாம், கூட்டம் இருக்கும் ஆனா உருப்படியா பாப்பாங்க.

அபோக்வெல் பத்தி கேட்ட. அது ஸ்டீராய்டு இல்ல, அரிப்பு சிக்னல கட் பண்ற மாத்திரை, 2013ல அமெரிக்கால அனுமதி கெடச்சது, டைசனுக்கு மழைக்காலத்துல அதுதான் ஓடுது, ஒரே நாள்ல வித்தியாசம் தெரியும். ஆனா பன்னெண்டு மாசம் முடியாத நாய்க்கு குடுக்கக் கூடாது, பெரிய இன்ஃபெக்ஷன் இருக்கறப்பவும் கூடாது. அதனால மோமோவுக்கு இப்போதைக்கு அந்த பேச்சு வேணாம், பர்த்டே போகட்டும், மொதல்ல புண்ணு ஆறட்டும்.

சாப்பாடு. சோறும் சிக்கனும்தான போடுற? எல்லார் வீட்லயும் அதான். நாய்ங்களுக்கு சாப்பாட்டு அலர்ஜி வர்றதுல மாட்டுக்கறி, பாலு, சிக்கன், கோதுமை இதெல்லாம்தான் முன்வரிசைல நிக்குது, ஆனா ரத்தம் எடுத்து அலர்ஜி டெஸ்ட்னு ஒரு பெரிய ரிப்போர்ட் குடுப்பாங்களே, சாப்பாட்டு அலர்ஜிக்கு அத நம்பி காச கொட்டாத. ஒரே வழி எட்டு வாரம் இதுவரைக்கும் சாப்பிடாத ஒரு கறியோட ஒரு மாவுச்சத்து, அத மட்டும் போட்டு பாக்கறது. டைசனுக்கு டாக்டர் மத்தி மீனும் சக்கரவள்ளிக்கிழங்கும் எழுதி குடுத்தாரு, வீடே மீன் மார்க்கெட் ஆயிருச்சு. எட்டு வாரமும் பிஸ்கெட் கிடையாது, தயிர்சாதம் கிடையாது, சிக்கன் ருசி போட்ட மாத்திரை கூட கிடையாது, மாமியார் ஆசையா நீட்டுற இட்லி துண்டும் கிடையாது (இதுதான் கஷ்டம், உன் வீட்லயும் அப்படித்தான் இருக்கும்). அப்புறம் பழைய சாப்பாட்ட திரும்ப குடுத்து பாக்கணும், ரெண்டு வாரத்துக்குள்ள அரிப்பு வந்தா அதான் குத்தவாளி. வரலன்னா சாப்பாடு இல்லன்னு அந்த கதவ மூடிட்டு அடுத்தது பாக்கலாம். டைசனுக்கு சாப்பாடு காரணமே இல்லன்னு தெரிஞ்சுது, அவனுக்கு தூசிதான், ஆனா தெரிஞ்சதே நிம்மதி.

தினசரி வேலைன்னு பாத்தா, வாக்கிங் போயிட்டு வந்த ஒடனே நாலு காலையும் தண்ணில அலசி, விரல் விரலா பிரிச்சு தொடச்சு காய விடணும். அலசறத விட காய வைக்கறதுதான்டி முக்கியம், ஈரத்தோட விட்டா அலசாமலே இருந்திருக்கலாம். உங்க ஊரு காத்து பரவால்ல, இங்க ஐப்பசி கார்த்திகைல துண்டே காயாது, நான் ஹேர் டிரையர கூலா வச்சு அடிக்கிறேன். குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினி போட்ட நாய் ஷாம்பு வாங்கு, ஈஸ்ட்டு இருந்தா மைக்கொனசோல்ங்கற பூஞ்சை மருந்தும் சேந்தது, நொர வந்ததும் கழுவிடாம பத்து நிமிஷம் அப்படியே இருக்கணும், பத்து நிமிஷம்னா கடிகாரத்த பாத்து பத்து நிமிஷம். அந்த நேரத்துல நக்காம புடிச்சுக்கறது ஒரு ஆளு வேல, நம்ம ரிட்டயர்டு ஆபீசருக்கு அந்த டூட்டிதான் ரெடியா வச்சிருக்கேன். மூக்கு மேல மடிப்பு இருக்கே அத தூக்கி உள்ள தொடச்சு காய வை. வாலுக்கு அடில ஒரு குழி இருக்கும், சுருட்ட வாலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், நெறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது, நாத்தம் எங்கிருந்து வருதுன்னு வீடு பூரா தேடுவாங்க. பொட்ட நாய் வேற, பின்னாடி இருக்கற மடிப்பையும் பாத்துக்கோ. காதையும்தான்.

வீட்டு வைத்தியம் யார் சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டிட்டு விட்ரு. டெட்டால் வேணாம், டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம், நம்ம ஷாம்பு அதுங்க தோலுக்கு ஒத்துக்காது, மடிப்புக்குள்ள தேங்கா எண்ண தடவுனா ஈரம் வெளிய போகாம உள்ளயே வேகும். மெடிக்கல்ல அரிப்புக்குன்னு நமக்கு குடுக்கற எல்லாம் கலந்த க்ரீமும் கூடாது, அதுல ஸ்டீராய்டு இருக்கு, அது நக்கி வயித்துக்குள்ளயும் போகும்.

வெயிட்டு எவ்ளோன்னு நீ எழுதவே இல்ல, ஃபோட்டோல பாத்தா எனக்கு சந்தேகமா இருக்கு. தொட்டா விலா எலும்பு தெரியணும். வெயிட்டு கொறஞ்சா பாதத்துல அழுத்தம் கொறையும், சத்தியமா சொல்றேன், டைசன் எளச்சப்புறம் அந்த விரல் புண்ணு வர்ற இடைவெளி நீண்டுருச்சு.

எப்ப சரியாகும் எப்ப சரியாகும்னு நாலு தடவ கேட்டிருக்க. டெமோடெக்ஸா இருந்தா சரியாயிரும். அலர்ஜியா இருந்தா ஆகாது வசந்தி, சுகர் மாதிரிதான், கூடவே இருக்கும், எவ்ளோ நாளைக்கு ஒருக்கா வருது, வந்தா எவ்ளோ சீக்கிரம் அடங்குதுன்னுதான் பாக்கணும். நான் காலண்டர்ல எழுதி வைக்கிறேன், மழை, சாப்பாடு, குளிப்பாட்டுன நாளு, நக்குன நாளு எல்லாம், டாக்டர்கிட்ட அத காட்டுனா அவருக்கே பாதி வேல மிச்சம். இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல, மொகம் அப்படி சப்பையா மடிப்பு மடிப்பா இருக்கணும்னு மனுசங்க ஆசப்பட்டு உருவாக்குன ஒடம்பு அது. 2022ல லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ்காரங்க 2,662 இங்கிலீஷ் புல்டாக்கையும் 22,039 மத்த நாய்ங்களையும் ஒப்பிட்டு பாத்தாங்க, மடிப்புப் புண்ணு வர்ற வாய்ப்பு புல்டாக்குக்கு 38 மடங்கு ஜாஸ்தி. பெரியவ இத அனுப்பிட்டு அம்மா அடுத்து நாட்டு நாய் வளக்கலாம்னு சொன்னா, எனக்கும் அதான் தோணுது, ஆனா அத டைசன் முன்னாடி சொல்லாத.

அடுத்த மாசம் கல்யாணத்துக்கு கோயம்புத்தூர் வர்றோம், டைசன தங்கச்சி வீட்ல விட்டுட்டு வருவேன். அதுக்குள்ள மோமோவோட பழைய மருந்து சீட்டு, ஊசி பேரு, தீந்து போன பாட்டில் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வை, ஒண்ணையும் தூக்கி போடாத. அப்புறம் வாங்கி குடுத்துட்டு கனடாவுக்கு பறந்து போன உன் புள்ளகிட்ட சொல்லு, வீடியோ கால்ல கொஞ்சினா மட்டும் பத்தாது, மாசாமாசம் ஷாம்பு காசு அனுப்பணும்னு அத்தை சொன்னாங்கன்னு.

உன்
மீனா