கடல் இல்லாத ஊரிலிருந்து

மில்லெட்ஜ்வில், ஜார்ஜியா, அமெரிக்கா.

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

இங்கு நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள் உப்புக்காற்றே படாத ஊரில் எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். சவன்னா துறைமுகத்துக்குப் போக வேண்டுமென்றால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் செல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் பார்ப்பது போன்ற செம்மண்ணும், நிலக்கடலை வயல்களும், ஓரமாக ஓடும் ஓகோனி ஆறும்தான் இங்கே கண்ணில் படுகின்றன. ஆயினும் துறைமுக அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிய உங்களுக்குச் சொல்ல இந்த ஊரில் ஒரு செய்தி இருக்கிறது.

2012 ஏப்ரலில் வங்கக்கடலில் நடந்த, இந்திய-அமெரிக்கக் கடற்படைகளின் மலபார் கூட்டுப் பயிற்சிக்கு வந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி நாளிதழில் படித்துவிட்டு எங்களுக்கும் வாசித்துக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? கார்ல் வின்சன் என்பது அதன் பெயர். யாரோ கடற்படைத் தளபதியின் பெயராக இருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டோம். அவர் தளபதி அல்லர். இந்த ஊர் வழக்கறிஞர். 1883-இல் இங்கே பிறந்து, 1914-இல் முப்பது வயதில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தவர், 1965 ஜனவரியில் தாமாக ஓய்வு பெறும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை.

இங்குள்ள சபையில் எந்தக் குழுவில் யார் நீண்ட காலம் இருக்கிறாரோ, அவருடைய கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்போது அவரே குழுத்தலைவர் ஆவது அக்கால வழக்கம். அப்படித்தான் 1931-இல் கடற்படை விவகாரக் குழுவின் தலைமை வின்சனிடம் வந்தது. அப்போது கடற்படையின் நிலை பரிதாபமாக இருந்தது. நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டிய வாஷிங்டன், லண்டன் ஒப்பந்தங்கள் அனுமதித்த அளவுக்குக்கூட அமெரிக்கா கப்பல் கட்டவில்லை. பழைய கப்பல்கள் துருப்பிடித்துக் கிடந்தன. பொருளாதார மந்தத்தில் பணமும் இல்லை. 1934-இல் அவர் கொண்டுவந்த சட்டம், ஒப்பந்த வரம்பு வரை கப்பல்களைக் கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி மட்டுமே அளித்தது. பணத்தை ஆண்டுதோறும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். அனுமதி கையில் இருந்தால் பணம் கேட்பது எளிது என்பது அவர் கணக்கு. பட்ஜெட் வேலை பார்த்த உங்களுக்கு இந்தச் சூட்சுமத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

1938-இல் கடற்படையின் அளவை மேலும் இருபது விழுக்காடு கூட்ட வழிசெய்தார். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே, ஜூலை 19 அன்று, அட்லாண்டிக், பசிபிக் என்ற இரு பெருங்கடல்களுக்கும் தனித்தனியே போதுமான கடற்படை என்ற சட்டம் கையெழுத்தாயிற்று. கடற்படையை ஏறத்தாழ எழுபது விழுக்காடு பெருக்கிய அந்தச் சட்டத்தில் விமானந்தாங்கிகள் மட்டும் பதினெட்டு. சபையில் அதை எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது, எசெக்ஸ் என்ற புதிய வகை விமானந்தாங்கிகள் சிலவற்றின் அடிமரம் ஏற்கெனவே நாட்டப்பட்டிருந்தது. தாக்குதலுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் 1943-இல் அவை பசிபிக்கில் இருந்திருக்குமா என்பதை, ஒரு தோணி கட்டவே எத்தனை மாதமாகும் என்று அறிந்த நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளை வியக்கும்போது எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டில் எண்பத்தெட்டு வயது கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். நான் செய்யும் வெண்டைக்காய் வறுவலை விரும்பிச் சாப்பிடுவார். ஒரு மாலை, திண்ணை போன்ற அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தபோது, 1946-இல் தம் தந்தை முதன்முதலாக வாக்களிக்கப் போன நாளைச் சொன்னார். தேவாலயத்துக்கு மட்டும் அணியும் வெள்ளைச் சட்டைக்கு அம்மா இரண்டு முறை இஸ்திரி போட்டாராம். அப்பா திரும்பி வரும் வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். அதுவரை ஜார்ஜியாவில் வின்சனின் கட்சியான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்க முடியும். வேறு கட்சிக்கு இங்கே வழியே இல்லாததால் அதுதான் உண்மையான தேர்தல். போட்டி இல்லாத தொகுதியும், அதனால் வந்த பணிமூப்பும், பணிமூப்பினால் வந்த குழுத்தலைமையும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநில உறுப்பினர்கள் 1956-இல் வெளியிட்ட அறிக்கையிலும் வின்சன் கையெழுத்திட்டிருக்கிறார். கடலுக்கு அப்பால் பத்து ஆண்டு முன்கூட்டிப் பார்த்தவர், தம் தெருவில் நிற்பவர்களைப் பார்க்க மறுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்மணியோ அவரைத் திட்டவில்லை. "வேலை தெரிந்த மனிதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டார்.

1980 மார்ச் 15 அன்று வர்ஜீனியாவில் அவர் பெயர் தாங்கிய அந்த விமானந்தாங்கிக் கப்பலைக் கடலில் இறக்கியபோது, தொண்ணூற்றாறு வயதில் வின்சன் நேரில் போய்ப் பார்த்தார். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரைக் கப்பலுக்கு வைப்பது அந்நாளில் மிக அரிது. ஆனால் கப்பல் கடற்படைப் பணியில் சேர்ந்தது 1982-இல். அவர் 1981 ஜூனிலேயே காலமாகிவிட்டார். அவருடைய கல்லறை ஊர் நடுவிலுள்ள பழைய இடுகாட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். 2012-ஆம் ஆண்டின் அந்தச் செய்தித்தாளை வெட்டி உங்கள் தகரப் பெட்டியில் வைத்திருந்தால், அம்மாவிடம் சொல்லித் தேடி எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டு அம்மையாருக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்