பால் மேல பழி போடாத ஆத்தா

ஆத்தா, நேத்து வீடியோ கால்ல உன் முகத்தப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. சாயங்காலமானா பிள்ளை வீல்னு கத்துறான், கால வயித்தோட மடக்கிக்கிறான், எல்லாரும் பால் பத்தலங்கறாக, டின் பவுடர் ஆரம்பிக்கட்டுமான்னு கேட்டியே, வேண்டாம்த்தா. இதுக்குப் பேரு கோலிக். ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிச்சு 6 வாரத்துல உச்சத்துக்குப் போயி 3, 4 மாசத்துல தானா நின்னுரும், இவனுக்கு இப்ப சரியா 6 வாரம். வெயிட் ஏறுது, நாளைக்கு 6 தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போறான்னா பால் பத்துதுன்னு அர்த்தம்.

நீயும் இப்படித்தான் அழுத. காரைக்குடி வீட்டு ரெண்டாங்கட்டுல பெரியவுக உரைகல்ல வச்சு ஜாதிக்கா, மாசிக்கா, சுட்ட வசம்புன்னு ஒவ்வொண்ணா இழைச்சு தேன்ல குழைச்சு உன் நாக்குல தடவுனாக, நான் பேசாம நின்னேன். ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது, அதுல இருக்கிற கிருமி விஷமாகிப் பிள்ளைய முடக்கிப் போட்டுரும்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அப்பறம் ஊர் பேச்சக் கேட்டு புட்டிப்பால் போட்டேன், எனக்குப் பால் வத்திருச்சு, உனக்கு வயித்தால போயி கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு, அந்த மூணு ராத்திரிய இன்னும் மறக்க முடியல. அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

குடிச்சதும் தோள்ல சாச்சுப் போட்டு முதுக கீழேருந்து மேல தடவு, ஏப்பம் வர்ற வரைக்கும் விடாத. தயிராட்டம் கொஞ்சம் கக்குவான், உன் தோள் துணி நனையும், அவ்ளோதான், இரைப்பைக்கு மேல இருக்கிற வால்வு இன்னும் இறுகல. நாலஞ்சு நாள் வெளிக்கிப் போகலேன்னாலும் போறப்ப இளக்கமா போனா சரி, யாரு சொன்னாலும் வெத்தலக் காம்பு வைக்காத, தண்ணியும் 6 மாசம் வரைக்கும் குடுக்காத.

ஆனா பச்சையா வாந்தி எடுத்தாலோ, குடிக்கிறப்பல்லாம் பீச்சி அடிச்சாலோ, ரத்தம் போனாலோ, வயிறு கல்லாட்டம் இருந்தாலோ, காச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, ராத்திரி 2 மணியானாலும் கெளம்பிரு, எனக்கு போன் போடக்கூட நிக்காத.

சம்பந்தி ஆச்சிகிட்ட நானே பேசிக்கிறேன், நீ ஒண்ணும் சொல்லிக்க வேணாம். அப்பச்சி டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்காக.